மேனேஜருக்கு முடி வெட்டிய பிறகு

அக்கா: இல்ல தம்பி, நீ முடியை மட்டும் வெட்டினியா, இல்ல மூளையையும் சேர்த்து வெட்டிட்டியா? எனக்கு அது தெரியணும்.

கடைக்காரர்: வாங்கக்கா. உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ நின்னு திட்டுங்க. வாசல் கொதிக்குது. பாவம், நாயோட பாதம் பொத்துப் போயிடும்.

அக்கா: என் பாதம் பொத்துப் போனா பரவாயில்லையா?

கடைக்காரர்: நீங்க செருப்பு போட்டிருக்கீங்க.

அக்கா: இந்த வாய்க்குத்தான் தெருவே உன் கடையில வந்து உட்கார்ந்திருக்கு.

கடைக்காரர்: வாய்க்கு இல்லக்கா, ஃபேனுக்கு. கோடை வந்துட்டா இங்க நாய்க்குச் சாமான் வாங்க வர்றவங்களைவிடக் காத்து வாங்க வர்றவங்கதான் அதிகம். சொல்லுங்க, மேனேஜருக்கு என்ன ஆச்சு?

அக்கா: சொன்ன பேச்சு கேக்குறான்!

கடைக்காரர்: ஐயையோ.

அக்கா: சிரிக்காத. 'உட்காரு'ன்னா உட்கார்றான். 'வா'ன்னா வர்றான். எங்க வீட்டுல இதுவரைக்கும் யாருமே அப்படி ஒரு காரியம் பண்ணினது கிடையாது. எங்க வீட்டுக்காரர் பயந்து போயிட்டார்.

கடைக்காரர்: அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. மெஷின் சும்மாதான் இருக்கு.

அக்கா: அவர் தலையில வெட்ட என்ன இருக்கு? பேச்சை மாத்தாத. இவனுக்கு எதுக்கு மேனேஜர்னு பேர் வெச்சோம்? நாள் முழுக்கத் தூங்குவான், நடுவுல எந்திரிச்சா வேலை செய்யறவங்க பக்கத்துல வந்து நின்னு உறுமுவான். அதுக்குத்தானே? இப்ப என்னடான்னா காலங்காத்தால எந்திரிச்சு வாசப்படியில உட்கார்ந்திருக்கான், நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி. பேப்பர்காரர் வந்தா வாலை ஆட்டுறான். சோபா பக்கமே போறதில்ல.

கடைக்காரர்: சடை முடி பாரம் இறங்கினா மனசு லேசாயிடும்க்கா. வெயில் காலத்துல எல்லா நாய்க்கும் உண்டு.

அக்கா: மனசு லேசானா வயித்துல மச்சம் முளைக்குமா?

கடைக்காரர்: ...மச்சமா?

அக்கா: இதோ பாரு. நல்லா குனிஞ்சு பாரு. இது போன மாசம் எங்க இருந்துச்சு?

கடைக்காரர்: அங்கேயேதான் இருந்திருக்கும். முடி மறைச்சிருக்கும். நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'ஒட்ட வெட்ட வேண்டாம்க்கா, அந்த முடிதான் அதுக்குக் குடை, எடுத்துட்டா தோல் கருகிடும்'னு. கேட்டீங்களா? 'வெட்டின மாதிரி தெரியணும்'னீங்க. இந்தத் தெருவுல ஒருத்தர் விடாம அதையேதான் சொன்னீங்க. இப்ப எல்லா நாயும் உரிச்ச கோழி மாதிரி ஒண்ணு போல இருக்கு.

அக்கா: ஆமா... ஒண்ணு போலத்தான் இருக்கு. அதான் கேக்குறேன். வேற யாராவது வந்து... இந்த மாதிரி... ஏதாவது சொன்னாங்களா?

கடைக்காரர்: எந்த மாதிரி?

அக்கா: பொதுவா. குறை, கிறை. நம்ம தெருக்காரங்க யாராவது.

கடைக்காரர்: டீச்சரம்மா வந்தாங்க. கிளிக்கு வேர்க்குமான்னு கேட்டாங்க. மாடி வீட்டுத் தாத்தா வந்தார். முயல் கூண்டு மேல ஈரத்துணி போடச் சொன்னேன், முயலையே நனைச்சுட்டு வந்து நிக்கிறார்...

அக்கா: முயல் கிடக்கட்டும். எங்க வீட்டுப் பக்கம் இருந்து?

கடைக்காரர்: உங்க வீட்டுப் பக்கம்னா... சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அக்கா: எந்தச் சுவர்?

கடைக்காரர்: அழகா இருந்த வீட்டை நடுவுல அறுத்துக் கட்டினீங்களே, அந்தச் சுவர். இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் உங்க ஓரகத்தி.

அக்கா: அவளைப் பத்தி நான் கேட்டேனா?

கடைக்காரர்: சே சே. நீங்க எங்க கேட்டீங்க.

அக்கா: அவ புருஷன் எனக்குக் கொழுந்தன், அதோட சரி. நான் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்ப எட்டிப் பார்க்காதவ...

கடைக்காரர்: யாரும் சொல்லலைன்னு அவங்க...

அக்கா: ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னு அலறுச்சு! அதைவிட எப்படிச் சொல்லணும்? பத்திரிகை அடிச்சா?

கடைக்காரர்: நான் வாயைத் திறக்கலக்கா. சுவர் எழும்பினதுல இருந்து ஒவ்வொரு கோடைக்கும் உங்களுக்கு ஒரு நேரம், அவங்களுக்கு ஒரு நேரம்னு குடுத்து, ஒத்தைத் தண்டவாளத்துல ரெண்டு ரயிலை விடுற மாதிரி ரெண்டு வீட்டு நாயையும் வாங்கி வெட்டிக் குடுத்துட்டிருக்கேன். இன்னும் மோதல. இனி அந்தக் கஷ்டமும் இல்ல. அந்தப் பக்கம் 'வாடகைக்கு'ன்னு பலகை தொங்குதாமே. பார்த்தீங்களா?

அக்கா: நான் ஏன் பார்க்கப் போறேன்? ...பச்சைப் பலகை. வெள்ளை எழுத்து. இடது பக்க ஆணி சரியா இறங்கல, காத்தடிச்சா ஆடுது.

கடைக்காரர்: பார்க்காமலே இவ்வளவு.

அக்கா: கொழுந்தனுக்கு வேற ஊர்ல வேலையாம். வெயில் தாழ்ந்ததும் கிளம்புறாங்களாம். அதை எங்களுக்கு அந்த வீட்டு மனுஷங்க யாரும் சொல்லல. பலகைதான் சொல்லுச்சு.

தொட்டி சார்: கடைக்காரரே! இருக்கீங்களா? அவசரம்... ரெண்டு போயிடுச்சு!

கடைக்காரர்: வாங்க தொட்டி சார். எது போச்சு?

தொட்டி சார்: தங்க மீன். தண்ணி சுடுதேன்னு ஐஸ் கட்டி போட்டேன்.

கடைக்காரர்: எவ்வளவு போட்டீங்க?

தொட்டி சார்: ஃப்ரிட்ஜ்ல இருந்தது அத்தனையும்.

அக்கா: ஒரு எலுமிச்சம்பழமும் பிழிஞ்சு விட்டிருக்கலாமே.

தொட்டி சார்: மீனுக்கு எலுமிச்சை ஆகுமா?

கடைக்காரர்: சார், அக்கா சொல்றதைக் கேக்காதீங்க. இந்தச் சூடு அதைக் கொல்லாது, திடுதிப்புன்னு மாறுறதுதான் கொல்லும். தொட்டியை ஜன்னல்கிட்ட இருந்து நகர்த்துங்க. மூடியைத் திறந்து வைங்க. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. அவ்வளவுதான்.

தொட்டி சார்: அவ்வளவுதானா? இது தெரியாம நான்... அட! பஞ்சு! டேய், நீ எங்கடா இங்க? பாருங்க, எப்படிக் குதிக்கிறான் பாருங்க!

அக்கா: அது பஞ்சு இல்ல. மேனேஜர்.

தொட்டி சார்: மேனேஜரா? என்னம்மா சொல்றீங்க. மேனேஜர் என்னைப் பார்த்தா பேன்ட்டைப் பிடிச்சு இழுப்பானே. இது சுவருக்கு அந்தப் பக்கத்துச் சின்னம்மா வீட்டுப் பஞ்சு. தினம் வாக்கிங்ல பார்த்துப் பழகினவன். பஞ்சு, கை குடு... பார்த்தீங்களா, பார்த்தீங்களா!

கடைக்காரர்: சார், வீட்டுல இன்னும் மீன் மிச்சம் இருக்கா?

தொட்டி சார்: இருக்கே.

கடைக்காரர்: அப்ப ஓடுங்க. பாதி ஐஸ் இன்னும் கரையாம மிதந்துட்டிருக்கும்.

தொட்டி சார்: ஐயோ, ஆமால்ல! வரேம்மா... ஆனா அது பஞ்சுதான்!

அக்கா: ...தம்பி.

கடைக்காரர்: சொல்லுங்கக்கா.

அக்கா: ஒரு நாய் எதுன்னு தெரியாம மாத்திக் குடுத்திருக்க. நீயெல்லாம் எதுக்குக் கடை வெச்சிருக்க?

கடைக்காரர்: கழுத்துப் பட்டை மேனேஜரோடதுதானேக்கா? வெட்டும்போது எல்லாப் பட்டையையும் கழட்டி வாளியில போடுறது வழக்கம். ரெண்டும் ஒரே வயித்துல பிறந்ததுங்க, ஒரே அளவு. கைதவறியிருக்கும்.

அக்கா: கைதவறியா? ஊசியா அது, கைதவற? நாய்!

கடைக்காரர்: தப்புதான்க்கா. மன்னிச்சிருங்க. இருங்க, ஒரு போன் போட்டா முடிஞ்சுது. சின்னக்கா மேனேஜரைக் கூட்டிட்டு வந்துருவாங்க...

அக்கா: போனை வை.

கடைக்காரர்: சரி, நீங்களே போய் வாங்கிக்குங்க. உங்க வாசல்ல இருந்து தும்மினா அவங்க வாசல்ல கேக்கும்.

அக்கா: நான் ஏன் போகணும்? நான் பெரியவ.

கடைக்காரர்: அதுவும் வாஸ்தவம்தான். அப்ப நான் போறேன். பஞ்சுவை அங்க விட்டுட்டு மேனேஜரைப் பிடிச்சு உங்ககிட்ட விட்டுர்றேன். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அக்கா: ஒண்ணும் வேண்டாம்.

கடைக்காரர்: இதென்னக்கா வம்பா இருக்கு? உங்க நாய் உங்களுக்கு வேணுமா வேண்டாமா?

அக்கா: வேணும். ...இப்ப வேண்டாம்.

கடைக்காரர்: நாய் மாறினது இப்பத்தான் தெரிஞ்சுது. கோபம் வந்து மேசையை உடைப்பீங்கன்னு பார்த்தா, 'இப்ப வேண்டாம்'கறீங்க. அக்கா... உண்மையிலேயே இப்பத்தான் தெரிஞ்சுதா?

அக்கா: என்ன கேள்வி இது?

கடைக்காரர்: மச்சத்தை முதல் நாளே பார்த்திருப்பீங்களே. இத்தனை நாள் கழிச்சு வந்து, அதுவும் வேற யாராவது வந்தாங்களான்னு விசாரிச்சுட்டு...

அக்கா: நீ கடைக்காரனா, போலீசா?

கடைக்காரர்: ரெண்டுக்கும் ஒரே வேலைதான்க்கா. பிடிச்சு வெச்சுக் கேக்கணும்.

அக்கா: ...அன்னைக்கு நீ இவனை என் மடியில வெச்ச பாரு. உடனே கையை நக்கினான். மேனேஜர் பிறந்ததுல இருந்து ஒரு தடவைகூட என் கையை நக்கினதில்ல. சோறு போடுற கைன்னு ஒரு மரியாதை, ஒரு மண்ணும் கிடையாது. அப்பவே தெரிஞ்சுபோச்சு.

கடைக்காரர்: தெரிஞ்சுமா தூக்கிட்டுப் போனீங்க?

அக்கா: ஆமா, தூக்கிட்டுத்தான் போனேன். இப்ப என்னங்கற?

கடைக்காரர்: நான் ஒண்ணும் சொல்லல. அடுத்தவங்க நாய்...

அக்கா: யார்டா அடுத்தவங்க? இவங்க ரெண்டு பேரும் குட்டியா இருந்தப்ப ஒரே பக்கெட்ல போட்டுக் குளிப்பாட்டினோம். அவ தண்ணி ஊத்துவா, நான் பிடிச்சுக்குவேன். இவன் ஒரு தும்மல் போட்டா அவ மூணு வேளை சாப்பிட மாட்டா. அப்படிப்பட்ட நாய் என்கிட்ட இருந்தா என்ன பண்ணுவா? வருவா இல்ல? 'என் நாயை எடுத்து வெச்சுக்கிட்டியா'ன்னு வாசல்ல வந்து நின்னு கத்துவா இல்ல?

கடைக்காரர்: கத்தறதுக்காகவா?

அக்கா: கத்தட்டுமே! சண்டையாவது போடட்டுமே! பலகையை மாட்டிட்டு, மூட்டையைக் கட்டிட்டு, ஒரு வார்த்தை இல்லாம அப்படியே போயிடுவாளா? அவ போயிட்டா நான் யாரைத் திட்டுவேன், சொல்லு? நானும் பார்த்துட்டே இருக்கேன். கேட் சத்தம் கேட்டா கேஸை அணைச்சுட்டு எட்டிப் பார்க்குறேன். தண்ணி கேன்காரர் வர்றார், கேபிள்காரர் வர்றார். அவ வரல. நாய் மாறினதுகூடத் தெரியாத அளவுக்கு ஊர் போற அவசரம் போல.

கடைக்காரர்: இந்தாங்கக்கா, முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க.

அக்கா: அவனை... அங்க நல்லா வெச்சிருக்காளா? மேனேஜரை?

கடைக்காரர்: அவனுக்கென்ன. உங்க கொழுந்தன் நாற்காலியில அவன் உட்கார்ந்திருக்கான். கொழுந்தன் தரையில பாய் போட்டிருக்கார்.

அக்கா: அதானே பார்த்தேன்! ...இரு. இது உனக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர்: எது?

அக்கா: நாற்காலி. பாய். கைதவறி மாத்திக் குடுத்தேன்னு இப்பத்தானே சொன்ன. அங்க அவன் எங்க உட்கார்றான்கறது வரைக்கும் தெரியுதே? வாய் ஏன் கோணுது? சிரிக்கிறியா?

கடைக்காரர்: சிரிக்கலக்கா. இனிமே என்னால முடியாது, சொல்லிர்றேன். இத்தனை வருஷமா நாய்க்கு முடி வெட்டுறேன். மெஷின் வெக்கிறதுக்கு முன்னாடியே, எடுத்து மேசையில விடும்போதே எது எந்த வீட்டு நாய்னு என் கைக்குத் தெரியும். நான் எதையும் மாத்தல.

அக்கா: அப்ப பட்டை தானா நடந்து போய்க் கழுத்து மாறிச்சா?

கடைக்காரர்: அன்னைக்கு முதல்ல வந்தது சின்னக்காதான். பஞ்சுவைத்தான் நீட்டினேன். வாங்கி ஒரு முத்தம் குடுத்துட்டு, வாளியில இருந்து மேனேஜர் பட்டையை எடுத்து அவங்களே இவன் கழுத்துல மாட்டினாங்க. 'இவன் அக்காகிட்ட போகட்டும், அந்த முசுட்டை என்கிட்ட குடுங்க'ன்னாங்க. 'ஏங்க, விளையாடறீங்களா'ன்னேன். 'அக்காவுக்கு மூக்கு மேல கோபம் வரும். பொழுது சாயறதுக்குள்ள வந்து என் கதவை உடைப்பாங்க பாருங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க. நானும் பார்த்துட்டே இருக்கேன், நீங்க உடைக்கிற வழியாக் காணோம். இன்னைக்குக் காலையில மறுபடி வந்தாங்க, அந்த நாற்காலி கதையும் அப்பச் சொன்னதுதான். சிரிக்கல. 'அக்கா ஏன் இன்னும் வரல? நாயைக்கூடக் கேட்டு வர முடியாத அளவுக்கா என்மேல வெறுப்பு?'ன்னு கேட்டுட்டு, நீங்க நிக்கிற இடத்துலதான் நின்னு அழுதாங்க.

அக்கா: ...இந்தக் கயித்தைப் பிடி, தம்பி. இவன் இங்கயே ஃபேன் காத்துல இருக்கட்டும். நான் போய்க் கதவைத் தட்டும்போது, நாய்க்காக வந்திருக்கேன்னு அவ நினைச்சிடக் கூடாது.