யானையின் ஜோடி

எனக்குக் கை சும்மா இருக்காது, டாக்டர். உங்கள் மேஜையில் கிடக்கிற தாளைக்கூட நாலாக மடித்துவிட்டேன், மன்னிக்கவும்.

சீட்டு விளையாட்டைப் பற்றித்தானே கேட்டீர்கள்? ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் நாலு பேரும் தரையில் உட்காருவோம். அக்கா, அத்தான், அவர்கள் மகள் குட்டி, நான். நாற்பது படச்சீட்டுகளைக் கவிழ்த்து வைப்போம். ஒரு முறைக்கு இரண்டு சீட்டைத் திருப்பலாம். ஒரே படமாக இருந்தால் ஜோடி உங்களுக்கு. இல்லையென்றால் அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். எது எங்கே என்று ஞாபகம் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார், அதாவது அக்கா. மருந்துக்கடையில் எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறவள். பெற்ற மகளுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். குட்டி தோற்றுப்போய் என் மடியில் விழுந்து அழும். ஏழு வயதுக் குழந்தை. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு நாள் அக்கா அடுப்பை அணைக்க எழுந்து போனாள். அத்தான் போனில் மூழ்கியிருந்தார், குட்டி தண்ணீர் குடிக்க ஓடிவிட்டது. இரண்டு சீட்டை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். அக்கா வந்து ஒரு யானையைத் திருப்பினாள். இன்னொன்று இங்கேதான் என்று அடுத்ததைத் திருப்பினாள். குடை வந்தது. அன்று குட்டி ஜெயித்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்கு முன் யாரும் என்னை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

பிறகு வாராவாரம் நடந்தது. சாவி, மூக்குக்கண்ணாடி என்று வீட்டுச் சாமான்களும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தன. அக்கா கேஸை மூன்று தடவை மூடிப் பார்க்க ஆரம்பித்தாள். உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டாள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"எனக்கு என்னமோ ஆகுதுடி. யாருக்காவது மருந்த மாத்திக் குடுத்துட்டா?"

கொஞ்ச நாள் கடைக்குப் போகாதே என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

வேலையை விட்டாள். குட்டிக்கு இருமல் மருந்து ஊற்றக்கூட என்னைக் கூப்பிட்டாள். கடைசியில், தன் கையால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, தானே துணிமணி எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். யாரும் அவளை அனுப்பவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே மற்ற நோயாளிகளோடு அதே ஆட்டம் ஆடும்போது ஒரு ஜோடிகூடத் தவறவிடுவதில்லை என்கிறீர்கள். எப்படித் தவறவிடுவாள்? அவள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. குட்டிக்கு நான்தான் தலை பின்னிவிடுகிறேன். போன ஞாயிறு மட்டும், அம்மாவிடம்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தது. சமாதானப்படுத்தச் சீட்டை விரித்தேன். நன்றாகத்தான் ஆடியது. நடுவில் எழுந்து போய்விட்டு வந்து, ஒரு யானையைத் திருப்பியது. அடுத்து வந்த குடையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சித்தி, எனக்கும் அம்மா மாதிரி ஆகுதா?"

"ஆமா கண்ணு. அதனாலதான் நீ சித்தி கூடவே இருக்கணும்."

இரண்டே இரண்டு சீட்டு, டாக்டர். குழந்தை இப்போது என் மடியை விட்டு இறங்குவதே இல்லை.