பூட்டி வைத்த காது

அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"மாமாவுக்கு விசர் பிடிச்சிட்டுது, அன்ரி. டொக்டரைப் பார்த்து, உமக்குச் சீதனமா வீடு தரமாட்டன் எண்டு கத்துறார்."

"இடுப்பு ஒப்பரேசன் எப்ப முடிஞ்சது?"

"முந்தநாள். இனி வீட்டை கூட்டிக்கொண்டு வரேலாது. முதியோர் இல்லத்துக்கு இவர் இண்டைக்குப் பேர் குடுக்கப்போறார்."

"வயசானவைக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு உந்தக் குழப்பம் வாறதுதான், பிறகு மாறிவிடும். என்ரை மனிசன் என்னை நேர்ஸ் எண்டு நினைச்சு மரியாதையாக் கதைச்சவர். அது சுகமானதுதான் எனக்குக் கவலை. மாமா காது மெசின் போட்டிருக்கிறாரோ?"

"துலைஞ்சுபோகும் எண்டு அதையும் கண்ணாடியையும் வீட்டை கொண்டுபோய் அலுமாரியிலை பூட்டிட்டன்."

"கண்ணையும் காதையும் பூட்டிப்போட்டு, மனிசனுக்கு விசராம்."

இளையவள் ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே மணியடித்துவிட்டு எழும்பினாள்.

"எங்கை போறீர்?"

"வீட்டை. ரெண்டையும் எடுத்துக்கொண்டு வாறன். இவரிட்டையும் பேர் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லுறன்."

"ஓம், கெதியாப் போம். உங்களுக்கு வீட்டை எழுதித் தந்த மனிசன். இனி ஒருத்தருக்கும் வீடு தரமாட்டன் எண்டு சொன்னதிலை என்ன விசர்?"