பெயர் எழுதிய டப்பாக்கள்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் காலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைப்பது பெரிய விஷயமே இல்லை, மேடம். பத்து நிமிடம் முன்னதாக வந்து கைக்குட்டையைப் போட்டு வைத்தால் போதும். ஏழு வருடம் அப்படித்தான் வந்தேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் பொட்டலங்களை அளவு பார்த்து அடுக்கும் வேலை. இரண்டு மணி நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். சக மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தது பிறகுதான்.

நீங்கள் தமிழ் பேசுவது வசதியாக இருக்கிறது. என் வாக்குமூலத்தை டைப் அடிக்கும் ரங்கநாதன் சார், தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்காரர் என்பதும் வசதி. "நீ தமிழ்லயே சொல்லுப்பா, நான் கன்னடத்துல அடிச்சிக்கிறேன். ஆனா கத வுடாத" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் கதை விடப்போவதில்லை. ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் ஜோசஃபின் அம்மா ஒருவரைத்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். மற்ற நால்வரும் வழியில் வந்தவர்கள்.

கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவன் நான். அப்பா அசோகன் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, அப்புறம் வரவேயில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. போனவரைக் கோபித்து என்ன செய்வது. அடுத்த வருடம் அம்மாவுக்கு, அவள் பெயர் சம்பூர்ணம், டிபி என்று சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

டிபிக்கு அரசாங்கம் மாத்திரை கொடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நோயாளியின் பெயர் எழுதிய ஒரு டப்பா. அதை நோயாளியிடம் கொடுக்கமாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் வீட்டில் வைத்திருப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே போய் அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். அவர் அட்டையில் டிக் போடுவார். எங்கள் லைனில் அந்தப் பொறுப்பு ஜோசஃபின் அம்மாவுக்கு; அப்போது அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பால்வாடியில் ஆயாவாக இருந்தவர். அம்மாவின் டப்பா அவர் வீட்டு பீரோவில், சேலைகளுக்கு மேலே இருந்தது.

அம்மா அந்த வருடம் ஐப்பசியில் செத்துப்போனாள். அட்டையில் முப்பத்தொன்பது டிக் இருந்தது. முதல் எட்டு உண்மை. மீதி முப்பத்தொரு நாளும் ஒரு மாத்திரைகூட அம்மாவின் தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் ஒரே மாதிரியான முப்பத்தொரு டிக், அழகாக, கோணல் இல்லாமல். அந்த அட்டையை இருபத்துமூன்று வருடமாக வைத்திருக்கிறேன். அம்மா போனபிறகு என்னைச் சேர்த்த ஹாஸ்டலில் என் பெட்டியை உடைத்துப் பணத்தை எடுத்தார்கள், சட்டையை எடுத்தார்கள், அட்டையை விட்டுவிட்டார்கள். அங்கே அடி வாங்கும்போதெல்லாம் அந்த டிக்குகளை மனதுக்குள் எண்ணுவேன். முப்பத்தொன்றுக்குள் அடி நின்றுவிடும்.

ரயிலுக்கு வருகிறேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் எல்லோரும் டிபனைத் திறப்பார்கள். சாப்பிட்டதும் மாத்திரை. எதிர் இருக்கையில் ஜகதாம்பாள் அக்கா. பிரேசர் டவுனில் ஒரு அபார்ட்மென்டில் பெருக்கும் வேலை, இதயத்துக்கு மாத்திரை.

"நேத்து போட்டனா இல்லையான்னே தெரீல" என்றார் ஒருநாள்.

"யக்கா, டிபன் டப்பாவ மட்டும் ஒருநாளும் மறக்கமாட்டே" என்று பக்கத்தில் ஒருவர் கிண்டல் செய்தார்.

நான் கேட்டேன், "நீங்க முழுங்கறத வீட்டுல யாராவது பாப்பாங்களாக்கா?"

"எவன் பாக்கறான்? நான் செத்துக் கெடந்தாகூட, காபி எங்கன்னு கேட்டுட்டுதான் திரும்பிப் பாப்பானுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் நான் நிமிர்ந்து பார்க்கும்வரை மாத்திரையைக் கையிலேயே வைத்திருந்தார். பார்த்தேன். விழுங்கினார். ஒரு மாதத்தில் அந்தப் பெட்டியில் பதினொரு பேர் என் முன்னால் விழுங்கினார்கள். நான் எதையும் ஆரம்பிக்கவில்லை, மேடம். கேட்டேன், பார்த்தேன். அவ்வளவுதான்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அந்த மாடியை வாடகைக்கு எடுத்தது ஏன் என்று நேற்று கேட்டீர்கள். அடுத்த தெருவில் ஜோசஃபின் அம்மா மகளோடு இருந்தார். அது எனக்கு முன்பே தெரியும். நான் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஒரு கத்தியோடு போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அது எனக்குப் போதாது. அவர் தன் காலால் நடந்து வந்து, தன் பெயர் எழுதிய டப்பாவை என் கையில் கொடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் அந்த நாலு பேர் வேண்டும். ஆறு வருடத்தில் நாற்பது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சாட்சி வீடு என்று அவர்களே பெயர் வைத்தார்கள்.

சுவர் முழுக்க அலமாரி அடித்தேன். ஆளுக்கு ஒரு டப்பா, மேலே பெயர். மாத்திரைகளை அங்கேதான் வைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வந்து உள்ளங்கையை நீட்டுவார்கள். எல்லோரும் பார்க்க விழுங்குவார்கள். பலபேர் அழுதார்கள். பிறந்ததிலிருந்து தங்களை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்றார்கள்.

மூன்று வருடம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் விஜய்குமாரைக் கூப்பிட்டேன். ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ ஓட்டியவர், சின்ன வயதிலிருந்து வலிப்பு. அவர் கையை நீட்டினார். நான் டப்பாவை மூடினேன். "உங்களுக்கு இனிமே வேணாம்" என்றேன். முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பையன் மாதிரி. அன்றிலிருந்து டப்பா மூடப்பட்டவர்கள் முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். அந்த வரிசையை நான் போடவில்லை. மற்றவர்கள் என்னைத் தனியாகப் பிடித்து, "அண்ணா, எனக்கு எப்ப மூடுவீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்பார்கள்.

பத்தொன்பதாம் நாள் விஜய்குமார் குளியலறையில் விழுந்து இறந்தார். நான் கவனமாக இருந்த நாட்கள் அவை. ஒருவர் கோபப்பட்டிருந்தாலும் அன்றே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். யாரும் கோபப்படவில்லை. அவர் டப்பாவில் "பத்தொன்பது நாள்" என்று ஒரு காகிதம் ஒட்டி, மல்லிகைச் சரம் சுற்றி வைத்திருந்தார்கள். அதைச் செய்தது மோனிகா. ஜோசஃபின் அம்மாவின் மகள்.

மோனிகாவை நான் அழைக்கவில்லை. மூன்றாம் வருடம் அவளாகவே படியேறி வந்தாள். தைராய்டு மாத்திரை. துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை, நாள் முழுக்க நின்றபடி. நல்ல பெண். விஜய்குமாருக்குப் பிறகு ஜகதாம்பாள் அக்கா, பிறகு நீங்கள் சொல்லும் அந்த இருவர். ஒவ்வொரு சாவுக்கும் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். சந்தேகம் இருக்கிறதா என்று. இல்லை. ஜகதாம்பாள் அக்கா எனக்கு ரயிலில் தினமும் பாதி இட்லி கொடுத்தவர். அவர் டப்பாவை மூடும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவரே கெஞ்சினார். மோனிகாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் மோனிகா சொன்னாள், "அண்ணா, எங்கம்மாவுக்கு சுகர். இருபது வருஷமா ஊசி. இங்க கூட்டிட்டு வரட்டுமா?"

இன்சுலின் கெட்டுப்போகக் கூடாது என்று அந்த ஒரு டப்பாவுக்காகச் சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கினேன்.

ஜோசஃபின் அம்மா வந்த அன்று நான் படி முகப்பிலேயே நின்றிருந்தேன். கால் வீங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். என்னைப் பார்த்து நின்றார்.

"நீ சம்பூர்ணம் புள்ளதானே? உத்தமன்தானே?" கன்னத்தைத் தொட்டார். "இன்னாடா இப்டி எளைச்சிட்ட? சாப்புடறியா இல்ல இவங்களுக்கே பாத்துனு கெடக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்கு நினைவிருக்காது என்று எண்ணியிருந்தேன். நினைவிருந்தது. அப்படியும் கன்னத்தைத் தொட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வாரம் காலையும் மாலையும் என் முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். நான்காம் வாரம் வியாழக்கிழமை மூடினேன். "எதுக்குப்பா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மோனிகா அவர் கையைப் பிடித்து, "அம்மா, எல்லாருக்கும் கெடைக்காதும்மா இது" என்றாள். வீட்டில் வேறு ஊசி மருந்து இல்லாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நாற்பத்தொரு பேர். ஜோசஃபின் அம்மாவை முன்வரிசையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். மூச்சு ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது. அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். இந்த அறை, அலமாரி, ஆறு வருடம், எல்லாமே இந்த ஒரு நிமிடத்துக்காக.

"ஜோசஃபின் அம்மா, இந்த டிக்கெல்லாம் யார் போட்டது?"

கண்ணை இடுக்கிப் பார்த்தார். "நான்தான்."

"எங்கம்மா முழுங்கினத நீங்க பாத்தீங்களா?"

"மொதல்ல பாத்தேன். அப்பறம் பாக்கல."

அறையில் எல்லோரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கேயே அவர் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அவளாலதான் நடக்க முடியலியே" என்றார். தண்ணீர் கேட்டார், குடித்தார். "நீதானே வந்த. காலுல செருப்புகூட இல்லாம ஓடியாந்து, 'அம்மாவால வர முடீலக்கா, மாத்திரைய எங்கைல குடு'ன்னு ரெண்டு கையும் நீட்டுவ. கைல குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லிருந்தாங்க. புள்ள கேக்குதேன்னு குடுத்தேன். அடுத்த நாள் வந்தா கேப்பேன், 'முழுங்கிட்டாளாடா?'ன்னு. 'முழுங்கிட்டாங்க்கா'ம்ப. டிக் போடுவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவ செத்தப்பறம் இத நெனைக்காத நாளில்ல எனக்கு. இப்ப கேக்கறேன், சாமி மேல சத்தியமா சொல்லு. நீ அவளுக்குக் குடுத்தியா, உத்தமா?"

நாற்பத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். மோனிகாவும் பார்த்தாள். அந்த வீட்டில் கேள்வி கேட்பது எப்போதும் நான்தான்.

"குடுத்தேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கண்ணில் நீர் வந்தது. "அப்ப சரி. நான் தப்பு எதுவும் பண்ணல. விதி, அவ்வளவுதான்." மோனிகாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். சந்தோஷமாக இருந்தார், மேடம். அவ்வளவு சந்தோஷத்தை அவருக்குக் கொடுப்பதற்காகவா நான் ஆறு வருடம் காத்திருந்தேன்.

அப்போது ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கலாம். மருத்துவமனை பத்து நிமிட தூரம்தான். மோனிகா ஒருமுறை என்னையும் ஃப்ரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாமென்று. அவள் உட்கார்ந்துகொண்டாள். ஜோசஃபின் அம்மா மாலையில் பேச்சை நிறுத்தினார். திங்கட்கிழமை காலை பால்காரர் வரும் நேரத்தில் மூச்சையும் நிறுத்தினார். கொன்றது நான்தான். மற்ற நால்வரையும் நான்தான். அதில் மோனிகாவைச் சேர்க்காதீர்கள்; அவள் நம்பினாள், அவ்வளவுதான்.

ரங்கநாதன் சார் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். அவர் என்ன கேட்க நினைக்கிறார் என்று தெரிகிறது. கேட்கட்டும்.

இல்லை, சார். கொடுக்கவில்லை. அந்த மாத்திரை சாப்பிட்டால் அம்மா நாள் முழுக்க வாந்தி எடுப்பாள், பக்கத்தில் படுக்கவிடமாட்டாள். சாப்பிடாத நாளில் எழுந்து உட்கார்ந்து எனக்குத் தலை வாரிவிடுவாள். "அக்கா இன்னிக்கு குடுக்கலியாடா?" என்று கேட்பாள். "மாத்திரை இன்னும் வரலியாம், அம்மா" என்பேன். அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. முப்பத்தொரு நாள் மாத்திரையையும் லைனுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் போட்டேன். எனக்குப் பத்து வயது. பத்து வயதுப் பையன் சொல்வதை ஒரு பெரிய மனுஷி அப்படியே நம்பலாமா? எங்கள் வீடு அவர் வீட்டிலிருந்து நான்காவது வீடு. ஒருநாள் எழுந்து வந்து பார்த்தாரா? இத்தனை வருடம் கழித்தும், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதும், நான் குடுத்தேன் என்றதும் சரி என்றார்.

நீங்கள் தூக்குக்குக் கேட்டாலும் சரி, ஆயுளுக்குக் கேட்டாலும் சரி, நான் வக்கீல் வைக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்: என் அம்மாவைக் கொன்றவருக்குத்தான் நான் தண்டனை கொடுத்தேன்.