மஞ்சள் குழாயில் காற்று வராத கதை

எந்த ராஜா காலத்திலும் இல்லை. மூச்சுக்காற்றுக்கே சுவருக்குள் குழாய் பதித்த காலத்தில், ஜப்பானின் நீகாத்தாவில் ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாம். அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் குராமோச்சி, தீவிர சிகிச்சை அறையில் புது வென்டிலேட்டர் முன்னால் பொரிந்துகொண்டிருந்தார். அதைக் கொண்டுவந்த கம்பெனிப் பெண் தோகூரா ஒரு வார்த்தைக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திறக்க இடம் கொடுத்தால்தானே!

“...அதாம்மா சொல்றேன், திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க! ‘காற்றழுத்தம் குறைவு’ன்னு என்ன கத்து கத்துது! உங்க மேனேஜருக்கும் போன் போட்டுக் கத்திட்டேன். இப்ப ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தரத் தள்ளிட்டு வந்துடுவாங்க. அவருக்கு நானா ஊதி விடுறது? ரெண்டு மாடி ஏறினா எனக்கே ஒரு மிஷின் வேணும்!

என்ன... பச்சைக் குழாயா? ஆக்ஸிஜன் ஜோரா வருது, நானூறு கிலோபாஸ்கல். மஞ்சள்லதான் சாதாரணக் காத்து, அதவிடக் கொஞ்சம் கம்மியா வரணும். ரெண்டையும் கலந்துதானே கொடுக்கணும்? வெறும் ஆக்ஸிஜனையே நாள் கணக்கா கொடுத்தா நுரையீரல் கெட்டுடும்... எனக்குத் தெரியாதா! மத்ததுல நான் மக்குதான். போன வாரம் மிசோ விழுது போடாமலே மிசோ சூப் வச்சேன். ‘வெந்நீர் பிரமாதம்’னா பொண்டாட்டி. ஆனா குழாய்னு வந்துட்டா...

வால்வா? அட, காலைல நான்தாம்மா மூடினேன், சுவர்ல ஒரு வாஷர் மாத்த. திறந்துட்டேன்! எதைச் சரிபார்த்தாலும் விரல் நீட்டிச் சத்தமா சொல்லாம நாங்க நகரவே மாட்டோமே. இப்பவும் சொல்றேன், கேளுங்க. காற்று வால்வு... திறந்திருக்கு... சரி!”

விரல் வால்வு இருந்த சுவர்ப்பெட்டியை நோக்கி நீண்டது. அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணும் அதன் பின்னாலேயே போனது. கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது.

“...மூடியிருக்கு.” குரல் இறங்கிவிட்டது. “காலைலயும் இப்படித்தாம்மா கத்தினேன். விரல் இங்க... கண்ணு ஜன்னல்ல. பனி கொட்டுதேன்னு வேடிக்கை பார்த்தேன்.”

கைப்பிடியைத் திருப்பினார். மிஷினின் கத்தல் கப்பென்று அடங்கியது. தோகூரா குழாயிலிருந்து திரைவரை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கவும் நோயாளி வரவும் சரியாக இருந்தது. நர்ஸுகள் குழாயை மாட்டினார்கள். அவருடைய மார்பு ஏறி இறங்கியது.

குராமோச்சி நடைவழிக்கு வந்து, தோகூரா முன்னால் இடுப்பு ஒடிய வணங்கினார்.

“உங்க மிஷின் தங்கம்தாம்மா. நான்தான் ஓட்டை. மேனேஜர்கிட்ட நானே பேசறேன்... வேணாம், பேசினா நிறுத்தமாட்டேன், எழுதிடறேன். எழுதினாலும் பத்துப் பக்கம் போகும், அதுவும் ஒரு வியாதி. எங்க அப்பாவும் இப்படித்தான், கல்யாண வீட்டுல வாழ்த்துப் பேச எழுந்தார்னா...”

அவர் நிமிர்ந்தபோது நடைவழியின் கோடியில் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது.