ஆட்டு முடி ஒட்டிய கல்

பள்ளிகொண்டா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை தொங்கியது. ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்த மகள், மடியில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்திருந்தாள்.

"எல்லார் எதிர்லயும் டீச்சர் இன்னா சொன்னாங்க? திரும்பச் சொல்லு."

"ஆம்பூர் டைனோசர்னு சொன்னாங்கம்மா. எல்லாரும் சிரிச்சாங்க. கண்காட்சி மேசைலேர்ந்து எடுத்துடச் சொல்லிட்டாங்க."

"புஸ்தகத்துல இன்னா போட்டிருக்கு?"

"உயிர் இருந்தது மண்ணுல புதைஞ்சு கல்லா ஆயிட்டா புதைபடிவமாம். இதுல ஆட்டு முடி ஒட்டியிருக்குது பாரு. நம்ம வீட்டுப் பின்னாடி தோண்டி எடுத்தேன்."

"அப்புறம் இன்னாவாம்?"

"தோல் பதப்படுத்துற ஷாப்புல முடி எடுக்கப் போட்டுட்டு கொட்டின சுண்ணாம்பு இறுகிப்போச்சாம். புதைபடிவம் ஆவணும்னா லட்சக்கணக்கான வருஷம் ஆவுமாம். இது வெறும் குப்பையாம்."

"குப்பைன்னு இப்ப தெரியுதா? அது மேலதானே வீடு கட்டிக்கினு கெடக்கிறோம். கிணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியல. அதுக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கல. என் பொண்ணப் பாத்துச் சிரிக்கிறாங்களா?"

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் மூக்கைப் பிடித்தார். "நாத்தம் பேஜாரா இருக்குது. ஜன்னல் வழியா தூக்கிப் போடு பாப்பா."

மகள் கல்லை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"போடாத. நாளைக்கு நானும் ஸ்கூலுக்கு வர்றேன். அதே மேசைல வெப்போம். புதைபடிவம்னு மட்டும் எழுதாத. எங்க வீட்டு மண்ணுன்னு எழுது."