எட்டாவது பெடல்

டீக்கடைக்குப் போனாலும் என் டம்ளரை நானே எடுத்துக்கொண்டு போகிறவன் நான். செம்மேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மேடம். அடுத்தவர் வாய் பட்டது எதுவும் எனக்கு ஆகாது. நோய் என்று சொல்ல மாட்டேன். சுத்தம் என்றுதான் சொல்வேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் என் ரெக்கார்டிங் அறை இருக்கிறது. கோயில் நோம்பி, திருவிழாவுக்குப் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு இசை, கடைத் திறப்புக்கு விளம்பரம், எல்லாம் செய்வேன். மூன்று வருடத்துக்கு முன்பு குண்டனி நாடு என்கிற மலைக் கிராமத்திலிருந்து பெருமாயி என்கிற அம்மாள் தன் மகளை முதுகில் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தாள். மகள் பெயர் ரஞ்சிதா. வயது இருபத்து மூன்று. பிறந்ததிலிருந்தே இரண்டு கைகளும் முறுக்கிக்கொண்டு மார்போடு ஒட்டியிருக்கும். கழுத்து நிற்காது, பேச்சு குழறும். இடது கால் மட்டும் அவள் சொன்னபடி கேட்கும். செல்போனைத் தரையில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பாட்டுக் கேட்பாள்.

"ஏனுங்க தம்பி, புள்ளைக்குப் பாட்டுன்னா உசுருங்க. அந்த ஒத்தக் காலை வெச்சு ஏதாச்சும் பழக்கி உடுங்க," என்றாள் பெருமாயி.

மறுக்க மனம் வரவில்லை. கீபோர்டோடு வந்த பழைய பெடல் ஒன்று கிடந்தது. அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, மிதித்தால் 'ச' ஒலிக்கும்படி சாஃப்ட்வேரில் அமைத்தேன். ஒரே ஒரு ஸ்வரம்தான். அதை வைத்துக்கொண்டு அவள் கால் மணி நேரம் மிதித்தாள். அழுத்தி, விட்டு, இழுத்து, நிறுத்தி. அந்த ஒற்றை ஸ்வரத்துக்குள் ஒரு பாட்டு முழுசாக இருந்தது. இருபது வருடமாக நான் இரண்டு கையாலும் வாசிக்கிறேன். எனக்கு அப்படி வந்ததில்லை.

பிறகு ஒரு பலகையில் எட்டுப் பெடல்களைப் பதித்துக் கொடுத்தேன். ஏழில் ஏழு ஸ்வரம். எட்டாவதில் மணியோசை. அவளுக்கு அடிக்கடி எச்சில் புரையேறும். கத்திக் கூப்பிட முடியாது. எட்டாவதை மிதித்தால் மாடிப்படியில் இருக்கும் ஸ்பீக்கரில் மணி அடிக்கும். கீழே சந்தையில் வாழைத்தார் விற்கும் பெருமாயி ஓடி வந்து, நிமிர்த்திப் பிடித்து முதுகில் தட்டுவாள். அந்த யோசனையும் என்னுடையதுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறே மாதத்தில் அவள் மெட்டுப் போட ஆரம்பித்தாள். கால் மிதித்ததைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். நான் புல்லாங்குழலும் தபேலாவும் சேர்ப்பேன். 'இசை: சதீஷ்குமார்' என்று என் பெயரைப் போட்டுத்தான் வெளியிட்டேன். வாசலூர்பட்டி படகு இல்லத்தில் ஒரு பாட்டு நாள் முழுக்க ஓடியது. என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

சால்வை தோளில் விழும்போது எனக்குக் குமட்டியது, மேடம். பொய் சொல்லவில்லை. அவள் குதிகால் வெடிப்புதான் கண்முன் நின்றது. மெட்டு நல்லபடியாக வரும்போதெல்லாம் அவளுக்கு வாய் பிளந்து எச்சில் வழியும். மோவாயிலிருந்து நூலாக இறங்கிப் பெடல் மேல் சொட்டும். அவள் போன பிறகு நான் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். மூன்று முறை துடைத்தாலும் வாடை போகாது. ஊரே மெச்சுகிற பாட்டு அந்த ஈரத்திலிருந்துதான் வருகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும்தான் அது நாறியது.

ஒருநாள் நான் கீபோர்டில் வாசித்ததைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"அண்ணா... உங்க கையி... என்ற காலு மாதிரி... பேச மாட்டேங்குதுங்க."

கேலிக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

போன தை மாதம் கவிதா என்றொரு பாட்டு டீச்சர் நாமக்கல்லிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். அந்தப் படகு இல்லத்துப் பாட்டை எப்படி அமைத்தேன் என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மூலையிலிருந்த ரஞ்சிதா அதைக் காலால் வாசித்துக் காட்டினாள். ரெக்கார்டில் இருப்பதைவிட நன்றாக வாசித்தாள்.

"இது யாரு போட்ட மெட்டு, சார்?" என்றார் கவிதா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "என்ற மெட்டுங்க."

அடுத்த சந்தையன்று மதியம் கேமராவோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் டீச்சர். பெருமாயி அழுதாள். மகளுக்குப் புதுத் துணி எடுத்தாள்.

சந்தையன்று காலை வழக்கம்போல அவளை என் அறையில் உட்கார வைத்துவிட்டு, பெருமாயி கீழே போனாள். நான் மணியோசையை வெளி ஸ்பீக்கரிலிருந்து எடுத்து என் ஹெட்போனுக்கு மாற்றினேன். சாஃப்ட்வேரில் அது ஒரு நொடி வேலை. பிறகு பேக்கரியில் வாங்கி வைத்திருந்த பன்னைப் பிரித்தேன். உலர்ந்த எதையும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது, களியைக்கூடக் கரைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவளுக்குப் பன் என்றால் ஆசை. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா திட்டுமுங்க," என்றாள்.

"இன்னிக்கு உனக்கு நல்ல நாளு, கண்ணு. சாப்புடு," என்றேன்.

என் கையாலேயே ஊட்டினேன். பெரிய துண்டாக. விரலில் ஈரம் பட்டது. பொறுத்துக்கொண்டேன்.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மணி அடித்தது. முதலில் படபடவென்று. பிறகு சீராக. அம்மா வராததால் தான் மிதிப்பது போதவில்லை என்று நினைத்திருப்பாள், இன்னும் அழுத்தினாள். நடுவில் மற்ற ஏழு பெடலையும் வாரி மிதித்தாள். பிறகு மணி மட்டும். இரண்டுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. கடைசி மணிக்கு முன்னால் எவ்வளவு பெரிய மௌனம் தெரியுமா, மேடம்? தேர்ந்த வித்வான்கூட அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான். ரெக்கார்டில் போட்டிருந்தேன். பழக்கம்.

எல்லாம் அடங்கிய பிறகு அவள் வாயையும் பெடல்களையும் துடைத்தேன். மணியைத் திரும்ப வெளி ஸ்பீக்கருக்கு மாற்றினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு எட்டாவது பெடலை நானே மிதித்தேன். பெருமாயி உடனே ஓடி வந்தாள்.

உடலை எடுத்துப் போகும்போது பெருமாயிதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, சாமி. பாட்டுல இருந்திருப்பீங்க."

எச்சில் புரையேறிப் போய்விட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். இரண்டு மாதம் கழித்து நான் வெளியிட்ட பாட்டைக் கவிதா டீச்சர் கேட்டிருக்கிறார். எட்டாவது பெடல் எதற்கென்று அவர் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அடியில் ஓடும் மணி அவருக்குச் சந்தேகம் கொடுத்திருக்கிறது. அவர் புகாரின் பேரில் என் கம்ப்யூட்டரில் நீங்கள் பார்த்த அந்தப் பதிவில் நேரமும் இருக்கிறது: பதினொன்று நாற்பத்திரண்டிலிருந்து பதினொன்று நாற்பத்தொன்பது வரை. ஆமாம், அவள் அன்று மிதித்ததைத்தான் அந்தப் பாட்டுக்குத் தாளமாகப் போட்டேன். அழிக்க மனம் வரவில்லை. அத்தனை நன்றாக இருந்தது.

ஊட்டியது நான். மணியை அடைத்தது நான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் உழைப்பைத் திருடினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். அந்தப் பாட்டில் 'தாளம்: ரஞ்சிதா' என்று போட்டிருக்கிறேன். யாரும் கேட்டுப் போடவில்லை. நானாகத்தான் போட்டேன்.