காயாத அரக்கு

குளிர்காலத்தில் மூங்கிலை அடுப்பருகே வைக்கக் கூடாது. கியோட்டோவில் ஷாகுஹாச்சிக் குழல் ஊதுகிற யாருக்கும் இது தெரியும், ஐயா. குஸுமிக்குத் தெரியாது. அவன் குழல் பிளந்ததற்கு நான் பொறுப்பல்ல.

அந்தக் குழலில் ஐந்தே துளைகள். சீவாளி கிடையாது. மேல்விளிம்பில் ஒரு வெட்டு. மூச்சு அதில் பட்டுத்தான் ஒலியாக வேண்டும். தாடையைச் சற்றுத் தாழ்த்தினால் சுரம் இறங்கும். அந்த இறக்கத்தைப் பிசிறில்லாமல் கொண்டுவர என் வாலிபம் முழுக்கச் செலவானது. குஸுமி ஊதினால் பாதிக்கு மேல் வெறும் காற்று. அதற்குத்தான் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதில் மூங்கில் காட்டின் ஓசையே கேட்கிறதாம்.

எனக்குப் பக்கத்து வீடு அவன். ஒரு விருந்தில் சாக்கே மதுக் கிண்ணத்தோடு எல்லார் முன்னாலும் சொன்னான்: "இவாசே, நீ ஊதுறது ரொம்ப சுத்தம்ப்பா. தொடச்சு வச்ச சமையக்கட்டு மாதிரி. ஆனா அங்க யாருமே சமைக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிளந்த குழலை என்னிடம்தான் கொண்டுவந்தான். நூலால் இறுக்கிக் கட்டி, உட்புறத்திலும் வாய் வைக்கும் விளிம்பிலும் அரக்கு பூசினேன். மரத்துப் பால்தானே அது. காய்ந்துவிட்டால் அது பூசிய கிண்ணத்தில் சோறே சாப்பிடலாம். காயாதது சிலருக்கு ஆகாது. குஸுமிக்கு அறவே ஆகாது. அரக்குப் பட்டறை வாசலைக் கடந்ததற்கே ஒருமுறை முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவன்.

"காஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

"காஞ்சாச்சு, ஊது."

காயவில்லை என்று தெரிந்துதான் கொடுத்தேன். அன்று முழுக்க ஊதினான்.

மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். உதடு தடித்து, தொண்டை அடைத்து, பேச்சு வரவில்லை. அவன் மனைவி ஒசாகா போயிருந்தாள். படுக்கவைத்தேன். தொலைபேசியைக் கையால் காட்டினான். அதை அடுத்த அறைக்கு எடுத்துப் போய் வைத்தேன். நோயாளி பக்கத்தில் மணி அடித்தால் தொந்தரவு. பிறகு அருகில் உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இழுத்து இழுத்து, மெலிந்து, நின்றது. அதிலும் சுருதி இல்லை.

உங்கள் போலீஸ்காரர் அந்தக் குழலைத் தொட்டு, கையில் கொப்புளம் வந்த பிறகுதானே என்னைக் கூப்பிட்டீர்கள்.

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். அவன்மேலா? இறுதிச் சடங்கில் நான்தான் ஊதினேன். கூட்டம் முழுக்க அழுதது. அவனுக்காக அழுதார்கள் என்று அவன் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.